பெருக்கல் குறி போட்ட வால்வு

இல்லைன்னு சொல்லிட்டீங்க, சரி. ஆனா கேக்கறது உங்க பொண்டாட்டியோட கூடப்பொறந்தவ. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க மாப்ள. நான் கழட்டிப் போடற டிரம்ல இருந்து சிலிண்டர் வால்வு வெளிய போகுதா, இல்லையா? அட, போன் அடிச்சா அடிக்கட்டும், எடுக்காதீங்க. ஆமா, மூச்சு வாங்குதுதான். வேகமா நடந்து வந்தேன், அதை விடுங்க. காயலான் கடையில எல்லாரும் சாப்பிடப் போயிருக்காங்க. இந்த நேரத்தை விட்டா உங்களைத் தனியாப் புடிக்க முடியாது.

உக்காருங்க. ஐயோ, அந்தச் சிலிண்டர் மேல இல்ல, அது இன்னும் திறந்து பாக்காதது. எடைக்குக் கொண்டுவந்தவன் காலின்னு சொல்லித்தான் போட்டுட்டுப் போனான். எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, அவங்க வாய்க்குச் சர்க்கரைதான் போடணும். போன மாசம் ஒண்ணு வந்துச்சே, ஞாபகம் இருக்கா? திருகினா ஒண்ணும் வரல. சிலிண்டரை வெட்டறவர் நெருப்பு டார்ச்சைத் தூக்கிட்டு வந்துட்டாரு. நான்தான் குறுக்க போய் விழுந்தேன். வால்வு வாயில துரு அடைச்சிருந்திருக்கு, உள்ள கேஸ் அப்படியே கிடக்கு! சிரிக்காதீங்க மாப்ள. அக்காவுக்கு எதைக் கண்டாலும் பயம்னு நீங்க ஊரெல்லாம் சொல்றது எனக்குத் தெரியும். பயந்தவ வீட்டுல உலை கொதிக்கும், போங்க.

நான் என்ன கேக்கறேன்? கேஸெல்லாம் போயிடுச்சான்னு பாத்து, வால்வைக் கழட்டினதும் உளியால அது மேல ஒரு பெருக்கல் குறி போடறேன்ல. எதுக்கு, அழகுக்கா? இது செத்துப்போச்சு, இனிமே எந்தச் சிலிண்டர் தலையிலயும் ஏறக் கூடாதுன்னுதான். அப்புறம் டிரம்ல போட்டு வெச்சு, சாயங்காலம் வைஸ்ல இறுக்கிப் புடிச்சு, திருகற மரையை அறுத்து, நசுக்கி, வெறும் பித்தளையாத்தான் உருக்க அனுப்பணும். அறுக்கறதுக்குள்ள யாரோ முழுசா உருவறாங்க.

எடை சரியாத்தான் இருக்குங்கறீங்களா? எடை போடறவரே நீங்கதானே, சரியா இல்லாம எங்க போகும்! நேத்து டிரம்மைக் கவுத்துப் பாத்தேன். அடில பூரா போல்ட்டு நட்டு. பித்தளை டிரம்ல இரும்பு எப்படி மாப்ள முளைச்சுச்சு?

முதலாளிகிட்ட இன்னும் சொல்லல. சொல்லணும்னா நேத்தே சொல்லியிருப்பேன்ல. யாருக்குக் கொடுக்கறீங்கன்னும் கேக்கல, அதுவும் எனக்குத் தெரியும். ஓட்டை உடைசல் சிலிண்டருக்கெல்லாம் பெயிண்ட் அடிச்சு, கழட்டின வால்வைத் திருகி, திருட்டுத்தனமா கேஸ் ரொப்பி விக்கறானே, அந்த மொட்டை. சட்டையை விடுங்கறீங்களா? நான் சட்டையைப் புடிச்சேனா? சரி, விட்டுட்டேன். நீங்க எந்திரிக்காதீங்க.

அதுல என்னங்கறீங்களா? பளபளன்னுதான் இருக்கும். உள்ள வாஷர் மக்கிப் போயிருக்கும் மாப்ள. மூடினாலும் மூடாது. சத்தமே இல்லாம கசிஞ்சுகிட்டே கிடக்கும். கண்ணுக்குத் தெரியாத எவனோ வீடுதானேன்னு நெனச்சிருப்பீங்க. கையில நாலு காசு வரும்போது எல்லாருக்கும் அப்படித்தான் தோணும்.

மறுபடியும் அடிக்குது. வேணாம், கொஞ்சம் பொறுங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், பொறுங்க.

நான் எங்க இருந்து வர்றேன்னு நெனச்சீங்க? உங்க வீட்டுல இருந்துதான். காலைல நீங்க கிளம்பினதும் கேஸ் தீந்துபோச்சாம். உங்ககிட்ட சொன்னா, அதுக்குள்ள எப்படித் தீந்துச்சுன்னு ஆடுவீங்களாம். அதனால என் தங்கச்சி உங்களுக்குத் தெரியாம தெருமுக்குல மலிவா ஒண்ணு வாங்கி, மாட்டியும் வெச்சுட்டா. பாருக்கா, புதுசு மாதிரியே இருக்குல்லன்னு என்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டறா. குனிஞ்சு பாத்தேன். வால்வு மேல பெயிண்ட்டு. பெயிண்ட்டுக்கு அடில என் பெருக்கல் குறி.

என் கை கீறினது எனக்குத் தெரியாதா மாப்ள?

தொண்டைத்தண்ணி வத்த சொன்னேன், கேட்டாத்தானே! ஏன் வேணாங்கறேன்னு கேட்டா. உங்களைப் பத்திச் சொல்ல எனக்கு வாய் வரல. உடனே, உனக்கு ஆரம்பத்துல இருந்தே அவரைக் கண்டா ஆகாது, நான் ஒண்ணு வாங்கினாலும் உனக்குப் பொறுக்காதுன்னு புடிச்சுக்கிட்டா. வெளிய தூக்கப் போனா கையைப் புடிச்சு இழுக்கறா. அவர் இதுலயே பொழங்கறவர், அவர் வேணாம்னு சொல்லட்டும், அப்புறம் பாக்கலாம்னுட்டா. என்ன பண்றது? ஜன்னலைத் திறந்து போட்டேன். பாப்பாவைப் பக்கத்து வீட்டுல விட்டேன். அடுப்புப் பக்கத்துல இருந்த தீப்பெட்டியை இடுப்புல சொருகிட்டு ஓடி வந்தேன். இந்தாங்க, இதான். ஆனா பக்கத்து வீட்டுல தீப்பெட்டி இல்லாமலா போயிடும்?

ஓடாதீங்க. நீங்க போய்ச் சேர்றதுக்குள்ள அவ அடுப்பைத் திருகியிருப்பா. மொதல்ல போனை எடுக்க விடாதது ஏன்னு இப்பத் தெரியுதா? விஷயம் தெரியாம எடுத்திருந்தா, உங்கக்காவுக்கு வேற வேலையில்ல, பத்த வைடின்னு சொல்லியிருப்பீங்க.

இந்தா, அவதான். இப்ப எடுங்க. பத்த வைக்கட்டுமா வேணாமான்னு உங்க வாயால கேக்கணுமாம். வேணாம்னு சொன்னா ஏன்னு கேப்பா மாப்ள. அதையும் நீங்களே சொல்லிடுங்க.