லேப்டாப்பில் இல்லாத மேரி

— ஏங்க பத்து, அதெப்படி? நம்ம வீட்டு கம்ப்யூட்டர்ல நாலாயிரம் போட்டோ. அதையேதான் உங்க லேப்டாப்புலயும் ஏத்தி வெக்கறதா சொல்வீங்க. இங்க பாத்தா ரெண்டாயிரம்கூட இல்ல.

— என்ற லேப்டாப்ப நீ எதுக்கு அம்மிணி தொறந்தே? ஆபீஸ் சமாச்சாரமெல்லாம் அதுல கெடக்குது.

— அரே, வீட்டு மெஷின் டக்டக்குனு சத்தம் போடுது, எப்ப வேணா படுத்துடும்னு நீங்கதானே சொன்னீங்க? ரெண்டுலயும் இருக்கறத புது டிஸ்க்குல சேத்துடலாம்னு உக்காந்தேன். தேஜு கீழ விளையாடப் போயிருக்கா. ஞாயித்துக்கிழம எனக்கு வேற என்ன வேல?

— நான் பாத்துக்கறேன், விடு. ரெண்டு ரெண்டா இருந்தத அழிச்சிருப்பேன். எடம் பத்தல.

— ரெண்டு ரெண்டாவா? ஜூட் சொல்லாதீங்க, பொய்யின்னு மூஞ்சிலயே தெரியுது. மகாபலேஷ்வர் போனதப் பாருங்க. வீட்டு கம்ப்யூட்டர்ல அறுவத்தி நாலு. இங்க பதினொண்ணு. எல்லாத்துலயும் நீங்களும் தேஜுவும்தான். ஸ்ட்ராபெரி தோட்டத்துல மூணு பேரும் நின்னோமே, அதுல என்னை வெட்டிட்டீங்க. தேஜு தோள்மேல என் கை மட்டும் இருக்கு.

— ஆபீஸ்ல யாராச்சும் பாப்பாங்கன்னு...

— பாத்தா என்ன? அதே ஆபீஸ்ல மூணு வருஷம் உங்க பக்கத்து சீட்டுல உக்காந்தவ நான்.

— சரி, கேளு கண்ணு. ஊருக்குப் போறப்ப அம்மாவுக்குக் காட்ட தனியா பிரிச்சு வெச்சிருக்கேன். உன்னப் பாத்தா அவிங்களுக்கு வருத்தம். அவ்வளவுதான்.

— அது எனக்குத் தெரியாதா? கிறிஸ்டியன் பொண்ணு, இங்க கட்கி ஃபேக்டரி குவார்ட்டர்ஸ்ல பொறந்தவ, கோயமுத்தூர் வீட்டுப் படி ஏறக் கூடாதுன்னாங்கன்னு சொன்னீங்க. சரி, போதும்னு விட்டுட்டேன். பேத்தி என்ன பாவம் செஞ்சா, அவளையாவது வருஷா வருஷம் கூட்டிட்டுப் போங்கன்னு நான்தானே அனுப்பறேன்? போன கிறிஸ்மஸுக்கும் நீங்க ரெண்டு பேரும் அங்க. நான் தனியா சர்ச்சுக்குப் போயிட்டு வந்தேன்.

— அதுக்குத்தான் உன்ன நான் தெய்வமா...

— இருங்க. இன்னும் முடிக்கல. லேப்டாப்புல ஒரே ஒரு போட்டோல நான் இருக்கேன்.

— எதுல?

— தேஜு உங்கம்மா வீட்டு ஹால்ல பட்டுப் பாவாட கட்டிட்டு நிக்கறா. அவளுக்குப் பின்னால செவுத்துல பாருங்க. பெருசாக்கறேன். நம்ம நிச்சயத்துக்கு எடுத்த படம். நெத்தியில பொட்டு. நான் என்னிக்குப் பொட்டு வெச்சேன்?

— மேரி, நான் சொல்றத...

— கம்ப்யூட்டர்லயே வெச்சு விட்டீங்களா? பொட்டு போகட்டும். அந்த மால எதுக்கு? கீழ வெளக்கு எதுக்கு?

— நம்ம கல்யாணம்னதும் அப்பா பூச்சி மருந்த எடுத்துட்டாரு. உனக்கே தெரியும். ரெண்டு வருஷம் வாசல்ல சேக்கல. தேஜு பொறந்தப்ப போன்ல... என்னமோ வாயில வந்துருச்சு. மேரி பிரசவத்துல போயிட்டான்னு சொல்லிப்போட்டேன். பிள்ளையத் தூக்கிட்டு ஒடனே வா சாமின்னு அம்மா அழுதாங்க. அப்பறம் மாத்த முடியல.

— ஆறு வருஷம். இங்க பாணேர் வீட்டுல நான் உங்களுக்கு டிபன் கட்டிட்டிருக்கேன். அங்க எனக்குத் திதி நடக்குதா?

— வருஷத்துக்கு ஒருக்கா. அம்மா மனசுக்காக.

— யாரு குடுக்கறது? நீதானே?

— நாந்தான்.

— தேஜு? செவுத்துல என்னைப் பாத்து அவ ஒண்ணும் கேக்கலையா?

— கேட்டா. இது ஒரு வெளையாட்டு, இங்க இருக்கற வரைக்கும் அம்மா சாமிகிட்ட போயிட்டதா வெச்சுக்கணும், யார்கிட்டயும் சொல்லப்படாதுன்னு சொன்னேன். கொழந்ததானே. இன்னேரம் மறந்திருப்பா.

— மறக்கல. ஊர்லேருந்து வந்ததுலேருந்து, மத்தியானம் நான் கொஞ்சம் கண்ணசந்தா போதும், என் மூக்குக்கிட்ட வெரல வெச்சுப் பாக்கறா. விளையாடறான்னு நெனச்சு, நானும் மூச்ச அடக்கிட்டுப் படுத்திருந்தேன், பத்து.