மாப்பிள்ளை இலையில் மொச்சை

ஜெயபாரதி — மூணு தடவையா!

தியாகேசன் — கத்தாத பாரதி... உங்கம்மா காதுல விழுந்தா நாலாவது தடவையும் வச்சுடுவாங்க.

ஜெயபாரதி — மொச்சை ஒத்துக்காதுன்னு தெரியுமில்ல? தலைப்பொங்கலும் அதுவுமா, கொல்லையில வந்து வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்களே!

தியாகேசன் — பரங்கி, அவரை, சர்க்கரைவள்ளி... கூட்டுல மத்ததெல்லாம் அமிர்தம். மொச்சையை மட்டும் ஒதுக்கினா பக்கத்து இலையில உங்கப்பா பார்ப்பாரே... அவரே வரப்புல போட்ட மொச்சை! அதான், முதல்லயே ஒரே வாயா முழுங்கித் தொலைச்சேன்.

ஜெயபாரதி — ஐயோ, முதல்லயா! ரொம்பப் பிடிச்சிருக்குன்னுல்ல நினைச்சிருப்பாங்க!

தியாகேசன் — அதேதான்! தண்ணி குடிச்சுட்டுக் குனியறேன், இலையில மறுபடி மொச்சை. முழுங்கினேன். அப்பளம் வாங்கத் திரும்பிட்டுப் பார்க்கறேன்... மறுபடி! உங்கம்மா வைக்கறது கண்ணுக்கே தெரியல.

ஜெயபாரதி — சிரிக்கவும் முடியல, அழவும் முடியல... இருங்க, ஓமத்தண்ணி கொண்டாறேன்.

தியாகேசன் — அதை விடு! நாளைக்கு மாட்டுப்பொங்கல். பங்காளி வீடு அஞ்சுலயும் இலை போடறாங்களாம். 'மாப்பிள்ளைக்கு மொச்சைன்னா உசுரு, நிறைய உரிச்சு வையுங்க'ன்னு உங்கப்பா இப்பத்தான் போன் போட்டாரு. என் காதாலயே கேட்டேன்!

ஜெயபாரதி — அஞ்சு வீடா! செத்தீங்க... போய் உண்மையைச் சொல்லிடுங்க.

தியாகேசன் — எப்படிச் சொல்றது? நிச்சயத்தன்னிக்கு நான் கொறிச்சதுக்கே, 'கும்பகோணத்துப் புள்ளைக்கு நம்ம வீட்டுச் சோறு இறங்கல'ன்னு ஒரு வாரம் வாடிப்போயிட்டாருன்னு நீதானே சொன்னே? அவரு மனசு நோகக்கூடாது பாரதி...

ஜெயபாரதி — ஷ்ஷ்... அப்பா வர்றாரு!

குணசேகரன் — என்ன மாப்பிள்ளை, இங்க நிக்கிறீங்க! கேட்டீங்களா... வள்ளியம்மை அண்ணி வீட்டுல ரெண்டு படி மொச்சை உரிச்சாச்சாம்!

தியாகேசன் — ரெண்டு படியா... மாமா, ஒண்ணு சொல்லணும்.

குணசேகரன் — சொல்லுங்க, சொல்லுங்க!

தியாகேசன் — எனக்கு... மொச்சை ஒத்துக்காது மாமா. சின்ன வயசுலேர்ந்தே. கொஞ்சம் சாப்பிட்டாலும் வயிறு ஊதிப்போயிடும். உங்க வீட்டுச் சாப்பாட்டுல ஒரு குறையும் இல்ல... என் வயித்துலதான்.

ஜெயபாரதி — அப்பா... கோவமா? ஏன் அடுக்களைப் பக்கமே திரும்பிப் பார்க்கறீங்க?

குணசேகரன் — நெசமாவா? ஒத்துக்காதா? அட ஆண்டவா... அப்புறம் ஏன் மாப்பிள்ளை வைக்க வைக்க உள்ள தள்ளினீங்க?

தியாகேசன் — அத்தை ஆசையா வைக்கும்போது எப்படி மாமா வேணாம்னு...

குணசேகரன் — பாரதி, அந்த அடுக்களைக் கதவைச் சாத்தும்மா முதல்ல.

ஜெயபாரதி — சாத்திட்டேன். எதுக்குப்பா?

குணசேகரன் — உங்கம்மா மாப்பிள்ளைக்கு வச்சது ஒரு தடவைதான். மத்த ரெண்டும் என் இலையிலேர்ந்து நான் தள்ளினது... கை வைக்கறதுக்கு முன்னாடியே தள்ளிட்டேன், எச்சில் இல்ல! என் இலை காலியாயிடுச்சேன்னு அவ மறுபடி வச்சா, அதையும் தள்ளினேன். முப்பது வருஷமா எனக்கும் இதே வயிறுதான் மாப்பிள்ளை... நாளைக்கு அஞ்சு வீட்டுக்கும் உங்க இலையை நம்பித்தானே வர்றேன்னு சொன்னேன்!