காரைத் தாழ்த்தியவர்

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் பேருந்தில், எனக்கு முன்னால் இருந்த பருத்த மனிதர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்:

“என் காருல நான் மட்டும் ஏறக் கூடாதாம்.”

“இன்னாத்துக்கு?”

“பழைய வண்டி, கெத்தா இருக்கட்டுமேன்னு குட்டை ஸ்பிரிங்கும் அதுக்கேத்த ஷாக் அப்சர்பரும் போட்டு வண்டி ஒசரத்த எறக்கிட்டேன். இப்ப ஸ்பீட் பிரேக்கர் வந்தாலே அடி உரசுது. இன்னிக்கு வூட்டுக்காரியையும் புள்ளைங்களையும் எறக்கி வுட்டுட்டுத் தாண்டுனேன். அப்பவும் உரசிச்சு. அடுத்ததுல வூட்டுக்காரி, ‘நீங்க எறங்குங்க, நாங்க தாண்டிப் பாக்குறோம்’னு சொன்னா.”

“உரசிச்சா?”

“எங்க உரசுது. ‘மலை மேல இன்னும் நெறைய பிரேக்கர் இருக்கு, நீங்க பஸ்ல வாங்க’ன்னு சொல்லிட்டுப் போய்ட்டாங்க.”

பேருந்து ஒரு வேகத்தடையை நெருங்கியது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருக்கையிலிருந்து லேசாக எழுந்தார்.