ஓடை வாயில் நான்கு கிளைகள்

ஜன்னலைச் சாத்த வேண்டாம் ஐயா, குளிர் எனக்குப் பழக்கம்தான். காபியும் போதும், எழுதிக்கொள்ளுங்கள்.

விமான நிலையத்தில் என் பொறுப்பில் இருந்தது ஒரு குளம். விமானம் கிளம்புமுன் இறக்கையில் உறைந்த பனியைக் கரைக்க ஒரு திரவத்தைப் பீய்ச்சுவார்கள். வழிந்தோடுவதெல்லாம் என் குளத்துக்கு வரும். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுத்திகரிப்புக்குப் போகும். தப்பித்தவறி பக்கத்து ஏரியில் கலந்தால், தண்ணீரில் பிராணவாயு தீர்ந்து மீன்கள் மூச்சுமுட்டிச் சாகும். பதினாறு குளிர்காலம் ஒரு சொட்டு விட்டதில்லை. அந்த ஏரிமேல் எனக்கு அவ்வளவு பிரியம்.

பிப்ரவரியில் பனியோடு மழையும் சேர்ந்து கொட்டியது. குளம் விளிம்பைத் தொட்டது. மேலே சொன்னால் விமானங்களை நிறுத்துவார்கள், கவனிக்கத் தவறியதாக என்னையும் நிறுத்துவார்கள். செவ்வாய்க்கிழமை ஓடைப் பக்கத்து மதகைத் திறந்தேன். இரண்டே நாள். குளம் அடங்கியது. ஆனால் ஓடை ஏரியில் சேரும் இடத்தில், ஓட்டம் பட்டுப் பட்டு, ஏரிமேல் உறைந்திருந்த பனிக்கட்டி மெலிந்துவிட்டது. அப்படிப்பட்ட இடத்தில் ஆள் நடக்காமலிருக்க ஊசியிலைக் கிளைகளை நட்டுவைப்பது எங்கள் வழக்கம். நானே போய் நான்கு நட்டேன். வேறு யார் மெனக்கெடுவார்கள்?

வெள்ளிக்கிழமை சுற்றுச்சூழல் ஆய்வாளர் வருவதாகத் தகவல் வந்தது. கிளைகளைப் பார்த்தால் பனி ஏன் மெலிந்தது என்று கேட்பார், அப்படியே மதகுவரை வந்துவிடுவார். அன்று காலை பிடுங்கி வண்டியில் போட்டுக்கொண்டேன். சாயங்காலம்வரைக்கும்தான்.

வழியில் கடையில் ரைலியைப் பார்த்தேன். அவள் புருஷன் ரெய்னோவும் நானும் சனிக்கிழமைதோறும் ஒரே சௌனா நீராவி அறையில் உட்கார்ந்து வேர்ப்பவர்கள்.

“ஏம்ப்பா தௌனோ, ஓடை வாயில கிளை நட்டிருந்துச்சே, இன்னிக்குக் காணோம்? இந்த மனுஷன் தூண்டிலத் தூக்கிட்டு, பனியில ஓட்டை போட்டு மீன் பிடிக்க அங்கதான் போவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு.”

“எவனாவது பயந்தாங்கொள்ளி நட்டிருப்பான். ஒரு முழத்துக்கு மேல பனி கெடக்கு. காரே ஓட்டலாம்.”

“நீ சொன்னா சரிதான். பெரிய மீனா சிக்குச்சுன்னா உனக்கு வாலு உண்டு.”

கிளைகள் வண்டியில் கிடக்க, வேலைக்குத் திரும்பினேன்.

மதியம் ஆய்வாளர் அம்மா குளக்கரையில் நின்று குறிப்பெடுத்தார். ஏரி அங்கிருந்து இருநூறு அடிதான். ஒரு சத்தம் கேட்டது. அவர் நிமிர்ந்தார்.

“யாரோ கூப்பிடற மாதிரி இல்ல?”

“பனி விரிசல் விடுற சத்தங்க. இந்த மாசத்துல அப்படித்தான் கேக்கும்.”

அவர் எழுதி முடித்தார். குளம் நல்ல பராமரிப்பில் இருக்கிறதாம். அவர் காரில் ஏறிக் கதவைச் சாத்தியபின் மறுபடி கேட்டது. இந்தத் தடவை என் பெயர். கார் வளைவில் திரும்பி மறையும்வரை நான் கையசைத்துக்கொண்டு நின்றேன். பிறகு எதுவும் கேட்கவில்லை.

ஆய்வாளரிடம் சொன்னது பொய்தான், ஒப்புக்கொள்கிறேன். பதினாறு வருஷத்தில் நான் சொன்ன ஒரே பொய்.