பின்பக்கக் கதவைத் திறந்த 'ஏன் அக்கா'

மேடையில் அமர்ந்திருக்கும் சுகாதார நிலையக் குழுத் தலைவர் அவர்களே, மருத்துவர் அம்மா அவர்களே, அக்காவின் கணவரே, பிள்ளைகளே, கண் சிவந்து வந்திருக்கும் என் உறவுகளே, எல்லோருக்கும் வணக்கம்.

நான் பள்ளிக்கூடத்தை அதிகம் பார்த்தவள் இல்லை. பொட்டலக் காகிதத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தவள். ஆனாலும் நம் சுகாதார நிலையத்து இளையோர் அறையின் வருகைப் பதிவேட்டை என்னை நம்பிக் கொடுத்தார் இன்று நம்மை விட்டுப் போய்விட்ட நம் தலைமைச் செவிலியர், நம் 'ஏன் அக்கா'. எதற்கெடுத்தாலும் 'ஏன்' என்று கேட்டதால் பிள்ளைகள் வைத்த பெயர். பட்டம் என்றால் அதுவல்லவோ பட்டம்!

அந்த அறை பிழைத்த கதை தெரியுமா? விபத்து, போதை, மனச்சோர்வு, வெளியே சொல்ல முடியாத தொல்லை, எதுவானாலும் இளையோர் வந்து பேசலாம் என்று வாசலில் பெரிய பலகை மாட்டினோம். காலை பத்து முதல் பன்னிரண்டு. நேரத்தைக் குறித்தவள் நான்தான். சமையலை முடித்துவிட்டு வர எனக்குத் தோதாக இருந்தது! மூன்று மாதம் பதிவேட்டில் பூஜ்யமே எழுதினேன். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அக்கறையே இல்ல" என்றும் சொன்னேன்.

அக்கா என்ன செய்தார்? தையற்கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணையும் அவள் தோழர்களையும் அழைத்து உட்கார வைத்தார். "ஏன் வரல?" என்றார்.

"பத்து மணிக்கு நாங்க வேலையில, கிளாஸ்ல இருக்கோம்க்கா. அப்படியே வந்தாலும், வாசல் பெஞ்சுல எங்க அத்தை, சித்தி எல்லாம் பிரஷர் பாக்க உக்காந்திருக்காங்க. அந்தப் பலகைக்குக் கீழ நுழைஞ்சா, நான் வீடு போறதுக்குள்ள சேதி வீடு போயிடும்!"

இப்படிப் போட்டு உடைத்தாள் அந்தப் பெண். அக்கா சிரித்தார். "அப்ப நீங்களே சொல்லுங்க. எந்தக் கதவு, எந்த நேரம்?"

பின்பக்கக் கதவு, மாலை ஆறு மணி, பலகையே வேண்டாம் என்றார்கள். அப்படியே ஆயிற்று. முதல் வாரமே பதினொரு பேர்! அதில் ஒரு பிள்ளை வாழவே பிடிக்காமல் வந்தது. இறைவன் அருளால் இன்று நலமாக இருக்கிறது. யாரென்று பதிவேட்டிலும் இல்லை, என் வாயிலும் வராது.

அதன் பிறகுதான் குழுவில் இளையோர் இருவருக்கு வாக்குரிமை கேட்டுப் போராடி வாங்கினார் அக்கா. "நாற்காலி போட்டா போதுமா? அவங்க பேச்சு எடுபட வேண்டாமா?" என்பார்.

அந்த வாக்கை எடுத்துவிட்டு, கருத்து மட்டும் கேட்டுக்கொள்ளலாம் என்று இப்போது ஒரு பேச்சு நடக்கிறது. திங்கட்கிழமை முடிவாகும். தலைவர் அவர்களே, உங்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் இன்று அக்காவுக்காகக் கூப்பிய கையை, திங்கட்கிழமை அந்த வாக்கைப் பறிக்க எப்படித் தூக்குவது? குழுவில் நானும் ஓர் உறுப்பினர்; என் கை உயராது. உங்கள் கையும் உயராது என்றே நம்புகிறேன்.

உறுதிமொழி என்று ஒரு பக்கம் எழுதிவந்தேன். உள்ளே வரும்போது அந்தத் தையற்காரப் பெண்ணிடம் காட்டினேன். "நாலு இடத்துல 'நல்வழிப்படுத்துவோம்'னு இருக்கு ஆன்ட்டி. நாங்க என்ன வழி தவறிய ஆடா?" என்று பேனாவை வாங்கி அடித்துத் தள்ளிவிட்டாள். மிஞ்சியது ஒரே வரி. இறைவன் சாட்சியாக, எல்லோரும் எழுந்து நின்று என்னோடு சொல்லுங்கள்:

கேட்போம். கேட்டதைச் செய்வோம்.