வேர்க்கும் கப்பல் பெட்டி

"எங்க வீட்டுப் பெட்டிக்கு வேர்க்குதுக்கா" என்று முன் சீட்டில் இருந்தவள் சொன்னாள். மலைமேல் பள்ளங்கிக்குப் போகும் பஸ். வெளியே மேகம் மூடியிருந்தது. அவள் சொன்னது கப்பலில் சாமான் வரும் இரும்புப் பெட்டி, ஒரு ரூம் அளவு. அவள் புருஷன் தூத்துக்குடியிலிருந்து லாரியில் ஏற்றி வந்தாராம்.

அவள் பக்கத்தில் இருந்த அக்கா, "அதுல என்னத்த வைக்க?" என்றாள்.

"எலி வராதுன்னு, அடுப்புக்கு மேல தொங்குன விதைப்பூண்டை எல்லாம் அதுக்குள்ள அடைச்சாரு. காத்துக்கு ஓட்டை போடுங்கன்னேன். நல்ல பெட்டியில ஓட்டையான்னு மொறைச்சாரு. மேகம் எறங்குச்சு. பெட்டிக் கூரை உள்ள வேர்த்துச் சொட்டி, பாதிப் பூண்டு அழுகிப்போச்சு."

"ஐயோ, நடுறதுக்கு?"

"மிச்சத்தத் திரும்ப அடுப்புக்கு மேல கட்டிட்டேன். புகை பட்டுப் பொழைச்சுக்கிச்சு."

"அப்ப இப்போ பெட்டிக்குள்ள என்ன கெடக்கு?"

"அவருதான். துருப்பிடிக்கக் கூடாதுன்னு வெள்ளனே என் பழைய சேலைய எடுத்துட்டு உள்ள போயிருவாரு. அவரு தொடச்சு முடிக்கவும் அடுத்த மேகம் எறங்கவும் சரியா இருக்கும்."

அக்கா சிரித்தாள். அவள் சிரிக்கவில்லை.

"ஆனா ஒண்ணுக்கா, அவரு சொன்னபடியே ஒரு எலிகூட வரல."