மூன்றாவது அறையின் கேசட்

இரவு பதினொன்றரை. கிடங்குச் சாலை.

இரண்டு பக்கமும் பூட்டிய கிடங்குகள். தகரக் கதவுகள். தெருவிளக்கு ஒன்று எரிந்தால் அடுத்தது எரியாது. அந்தச் சாலையில் ஒரு பழைய வேன் வந்துகொண்டிருக்கிறது. உள்ளே ஓட்டுகிறவர் மட்டும்தான்.

யார் என்கிறீர்களா? நம் போட்டோகிராபர் இருக்கிறானே, அவனுடைய சொந்தச் சித்தப்பா. ஊர் வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர். பேயாவது பிசாசாவது என்று பேசுகிற ரகம். (மாப்பிள்ளை, சிரித்தது போதும். அந்தக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார். சாத்தினாயா? சரி.)

வேனில் டேப் இருந்தது. அதில் கேசட் இல்லை. இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்... கேசட் இல்லை.

'டக்.'

பொத்தான் தானாக அமுங்கியது.

'ஸ்ஸ்ஸ்ஸ்...' வெற்று நாடா ஓடுகிற இரைச்சல். கூடவே ஒரு வாசனை. தையல் மெஷின் எண்ணெய். அதோடு, ஈரத்துணி மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் எழும்புமே, அந்த ஆவி.

அந்த வாசனை யாருடையது என்று அவருக்குத் தெரியும். அந்தம்மாவை அடக்கம் பண்ணி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

வண்டி அப்படியே போகட்டும். அந்தம்மா யார் என்று சொல்லிவிடுகிறேன்.

சங்கத்துக் கட்டடம் ஒழுகியது. கூரை மாற்ற நிதி வேண்டும். அதற்காகச் செயலாளர் யோசித்து வைத்த நிகழ்ச்சிதான் 'ஊரின் குரல்'. அறைக்கு ஒரு டேப் ரிக்கார்டர், ஒரு ஹெட்போன், வாசலில் ஓர் உண்டியல். காசைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் பழைய மனிதர்கள் காதுக்குள் பேசுவார்கள். ஊரே மூழ்கிய வெள்ளத்தில் படகு விட்டவர், தபால் சைக்கிளில் கால் தேய்ந்தவர்... இப்படி. வீடு வீடாகக் கேசட் கேட்டு வாங்கினார்கள். 'உங்கள் நினைவு எங்களிடம் பத்திரம்' என்று நோட்டீசும் அடித்தார்கள்.

அந்த நோட்டீசை நம்பித்தான் தையற்காரம்மா தன் கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். "வீட்ல ஈரம் தம்பி, பூஞ்சை புடிக்குது. உங்ககிட்ட இருந்தா கெடாது. ஞாயித்துக்கிழமை மட்டும் வந்து கேட்டுட்டுப் போறேன்."

மொத்தம் இரண்டரை நிமிடம். பின்னால் மெஷின் ஓடும். முன்னால் அவளுடைய ஆறு வயதுப் பையன் மழலையில் பேசுவான்: "அம்மா, பட்டனெல்லாம் டப்பால போட்டுட்டேன். நான் ஒளிஞ்சுக்கறேன். நீ கண்டுபிடி. கண்ணை மூடு!" மெஷின் நிற்கும். நாற்காலி நகரும். அத்தோடு சரி. அடுத்த மாதமே காய்ச்சலில் போய்விட்டான். பிறகு எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது. அவளுக்கென்று மிச்சம் இருந்தது அந்த இரண்டரை நிமிடம்தான்.

கேசட்டின் முதுகில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? அதை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு எதையும் பதிய முடியாது. அந்தம்மா கத்தரி முனையால் அதை என்றைக்கோ உடைத்து வைத்திருந்தாள். ஆனால், உடைந்த பொத்தலை ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டி மூடிவிட்டால் மறுபடி பதியலாம். கேசட்டோடு புழங்குகிற எல்லோரும் செய்கிற குறுக்கு வழி.

நிகழ்ச்சிக்கு முந்தின நாள் சாயங்காலம். சங்கத் தலைவர் மறுநாள் வெளியூர். வரவேற்புரையைப் பதிந்து கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று வந்து உட்கார்ந்துவிட்டார். தலைவர் மைக்கைப் பிடித்தால் மைக்குக்கே காது வலிக்கும் என்பார்கள். ரயிலுக்கு நேரமாகிறது. கையில் வெற்றுக் கேசட் இல்லை. கடைக்கு ஆள் அனுப்பினால் கால் மணி நேரம். செயலாளர் அலமாரியைத் துழாவினார். கையில் அகப்பட்டது அந்தக் கேசட்.

"யாரோடதுய்யா இது?" என்றார் தலைவர்.

"தையக்காரம்மாவோடது சார். ஒரு பொடியன் ஒளிஞ்சு விளையாடறான்."

"இதுல என்னய்யா வரலாறு இருக்கு?"

இருவரும் சிரித்தார்கள். செயலாளர் செல்லோடேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்தார். பொத்தலில் ஒட்டிக் கட்டை விரலால் அழுத்தினார். தலைவர் தொண்டையைக் கனைத்தார். "அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே..."

மறுநாள் நல்ல கூட்டம். மேடையில் பேச்சு ஒலித்து முடிந்ததும், செயலாளர் கேசட்டை அதற்கென்று ஒதுக்கியிருந்த மூன்றாவது அறை ரிக்கார்டரில் செருகி வைத்தார். அறையைக் காலியாக விட்டால் அசிங்கம் பாருங்கள்! அந்தம்மா ஞாயிற்றுக்கிழமைதானே வருவாள் என்ற தைரியம்.

அவள் அன்றைக்கே வந்தாள். புதுப் புடவை. கூடப் பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர். "எம் பையன் பேசறதை ஊரே கேக்கப் போவுதுடி" என்று சொல்லித்தான் கூட்டி வந்திருந்தாள். தன் மகன் குரலைக் கேட்க, எல்லோரையும்போல உண்டியலில் காசும் போட்டாள். உட்கார்ந்தாள். ஹெட்போனை மாட்டினாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

பொத்தானை அமுக்கினாள்.

சிரிப்பு போகவில்லை... அப்படியே உறைந்துவிட்டது. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் கொட்டியது. சுற்றி நின்றவர்கள் 'ஐயோ பாவம், பெத்த மனசு' என்று உச்சுக்கொட்டினார்கள். நம் போட்டோகிராபர் அன்றைக்கு அங்கேதான் இருந்தான். பளிச்சென்று ஒரு படம் எடுத்தான். சங்கத்தின் அடுத்த நோட்டீஸ் அட்டையில் வந்தது அந்தப் படம்தான்.

கூட்டம் கலைந்ததும் அவள் செயலாளரிடம் வந்தாள். கையில் கேசட்.

"தம்பி, இதுல வேற யாரோ பேசறாரு. எம் பையன் எங்க?"

"பழைய கேசட்டும்மா. நாள்பட்டா தன்னால அழிஞ்சிடும்."

அவள் கேசட்டைத் திருப்பினாள். செல்லோடேப் மேல் நகத்தை ஓட்டினாள்.

"இதுவும் தன்னாலயே ஒட்டிக்கிச்சா?"

"அவசரம்மா... இடம் இல்ல."

"இடம் வேணும்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. புதுசே வாங்கித் தந்திருப்பேனே." குரல் உயரவே இல்லை. புடவைத் தலைப்பால் கேசட்டைத் துடைத்து அவர் மேஜை மேல் வைத்தாள். "உங்க வீட்ல ஒரு பொண்ணு இருக்கில்ல தம்பி? நல்லாப் பேசுவாளா?"

இத்தோடு விட்டாளே என்று அவர் சிரித்துவிட்டார். "பேசுவாளாவா? வீட்ல அவ பேரே ரேடியோ! நிறுத்தவே மாட்டா."

"பேசட்டும்" என்றாள் அவள்.

அந்த வாரமே போய்விட்டாள். மெஷின் மேல் தலை சாய்ந்து கிடந்தாளாம். கால் மோட்டார் பெடலை அழுத்தியபடி. நூல் எப்போதோ தீர்ந்திருந்தது. வெறும் ஊசி, துணியின் ஒரே இடத்தைக் குத்திக்கொண்டே இருந்ததாம். அடக்கத்துக்குச் செயலாளர் போகவில்லை. நோட்டீஸ் அச்சடிக்கிற வேலை.

இப்போது வேனுக்கு வருவோம்.

'ஸ்ஸ்ஸ்ஸ்...' பிறகு தொண்டைக் கனைப்பு. "அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே..." தலைவர்தான். அவர் பேசப் பேச, அடியில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு பையன் குரல்.

"அம்மா... இங்க ஒரு மாமா பேசிட்டே இருக்காரு. நான் பேசறது உனக்குக் கேக்குதா?"

"கேக்குது கண்ணு. வெளிய வா. உனக்கு வேற இடம் பாத்து வச்சிருக்கேன்."

'டக்.'

எப்படி வீடு போய்ச் சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. கூடத்தில் விளக்கு எரிந்தது. மனைவி சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். மகள், அந்த ஆறு வயது ரேடியோ, பாயில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

"அம்மா, பட்டனெல்லாம் டப்பால போட்டுட்டேன். நான் ஒளிஞ்சுக்கறேன். நீ கண்டுபிடி. கண்ணை மூடு!"

பையன் குரல். எழுந்து ஓடிப்போய்க் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டாள். யாராவது குனிந்து பார்த்து இழுக்கும்வரை வெளியே வரமாட்டாள். வந்ததும் மறுபடி... "அம்மா, பட்டனெல்லாம்..." வேறு ஒரு சொல் வரவில்லை. 'அப்பா'கூட வரவில்லை.

விடிந்ததும் செயலாளர் சங்கத்துக்கு ஓடினார். மூன்றாவது அறை. கேசட்டைப் போட்டார். தலைவரின் பேச்சு. அதன் அடியில்...

"அப்பா... அப்பா, நீ எங்க இருக்க?"

அவர் மகள்.

மனிதர் ரிக்கார்டரையும் கேசட்டையும் வீட்டுக்குத் தூக்கி வந்தார். மகள் காதில் ஹெட்போனை மாட்டி, அவள் குரலையே அவளுக்குப் போட்டுக் காட்டினார். சோறு தண்ணி இல்லாமல், மனைவிக்கும் விஷயத்தைச் சொல்லாமல், ராத்திரி பகலாக. இரண்டாம் நாள், பட்டன் பேச்சுக்கு நடுவே, அவளுடைய சொந்தக் குரலில் ஒரு துளி வந்தது. "...அப்..."

மனிதர் தேம்பிவிட்டார். அழிகிறது! அது அழிகிறது, இவள் பதிகிறாள்! இன்னும் நாலு நாள் போதும்.

அவர் கண்ணயர்ந்த ஒரு மணி நேரத்தில், மனைவி மகளை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியுமா? விழித்தவர் பின்னாலேயே ஓடினார். அறைக்குள் நுழையும்போது டாக்டர், குழந்தையின் வாய்க்குள் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது, மேலண்ணத்துல செல்லோடேப் ஒட்டியிருக்கு? விளையாட்டா ஒட்டிக்கிட்டாளா?"

செயலாளருக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது.

"டாக்டர்! அதை எடுக்காதீங்க! எடுத்துடாதீங்க டாக்டர்..."

இடுக்கி ஏற்கெனவே வெளியே வந்துவிட்டிருந்தது. நுனியில் ஒரு சின்னத் துண்டு. மங்கலாய் ஒரு கட்டை விரல் ரேகையோடு. டாக்டர் அதைத் தட்டில் உதறினார்.

"அவ்வளவுதான், எடுத்தாச்சு. இனிமே ஒண்ணும் இல்ல."

ஆமாம். இனிமேல் அவள்மேல் ஒன்றும் பதியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை. பையன் குரல் ஒருமுறை சொன்னது: "நான் ஒளிஞ்சுக்கறேன். நீ கண்டுபிடி. கண்ணை மூடு!" குழந்தை உள்ளறைக்கு ஓடினாள். கணவனும் மனைவியும் கூடத்தில் இருந்தார்கள். எழுந்து போய் இழுக்க இருவருக்கும் தெம்பில்லை.

உள்ளறையில் தையல் மெஷின் ஓட ஆரம்பித்தது.

அந்த வீட்டில் தையல் மெஷின் கிடையாது.

ஓடியது... ஓடியது... நின்றது. நாற்காலி நகர்ந்தது.

இருவரும் பாய்ந்து உள்ளே ஓடினார்கள். ஜன்னல் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. ஈரத்துணியின் ஆவி வாசனை. செயலாளர் தரையில் படுத்துக் கட்டிலுக்கடியில் பார்த்தார். ஒரு சட்டைப் பட்டன் கிடந்தது. வேறு ஒன்றும் இல்லை.

தேடாத இடம் இல்லை. கிடைக்கவில்லை. கடைசியில் அவர் அந்தக் கேசட்டைப் போட்டார். இன்றைக்கும் போடுகிறாராம். நம் போட்டோகிராபர் ஒரே ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறான். தலைவர் பேசிக்கொண்டே இருக்கிறாராம். அடியில், அழுது அழுது ஓய்ந்துபோன ஒரு சின்னக் குரல்...

"அப்பா... இந்த மாமா எப்பப்பா பேசி முடிப்பாரு?"